வரப்பில் தோண்டிய ஆறு குழிகள்

ஆரோக்கியசெல்வி குயிலாப்பாளையத்தில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருபத்தோரு வருஷமாகப் படம் வரைகிறாள். ஆர்க்கிடெக்ட் சக்கரபாணி தாளில் பென்சிலால் கிறுக்கிக் கொடுப்பதைக் கம்ப்யூட்டரில் அளவு பிசகாமல் கோடு கோடாக ஏற்றித் தருகிற வேலை. டிராஃப்ட்ஸ்மேன் என்று பெயர். பெண்ணாக இருந்தாலும் சம்பளச் சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவள் புருஷன் அந்தோணிசாமி கூனிமேட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். அவள் முகம் கடுகடுவென்று வீட்டுக்குள் நுழைகிற நாட்களில், "மேன் வந்தாச்சு, ஒதுங்குங்க" என்பான்.

வீடு மரக்காணத்தில். காலை ஏழரை பஸ்ஸில் ஏறிப் பெரிய முதலியார்சாவடியில் இறங்குவாள். அங்கே ஜுவைரியா ஸ்கூட்டியோடு காத்திருப்பாள். ஜுவைரியா கூனிமேட்டுப் பெண், ஐந்து வருஷம் படித்து ஆர்க்கிடெக்ட் ஆனவள், செல்விக்குப் பதினெட்டு வயது இளையவள், ஆனால் பதவியில் மேலே. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. ஸ்கூட்டியில் போகும்போது பேசுவதெல்லாம் ஜுவைரியாவின் அம்மா பார்க்கும் மாப்பிள்ளைகளைப் பற்றித்தான்.

அலுவலகத்தில் செல்விக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளச் சீட்டில் பெயர் கிடையாது. போர் போடும் ஆள் வேண்டுமா, வி.ஏ.ஓ. எப்போது ஆபீசில் இருப்பார் என்று தெரிய வேண்டுமா, எந்த ஊரில் மண் எப்படி, "செல்வியைக் கேளுங்க, அவங்க லோக்கல்." சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த அந்த இடத்தில், உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரிய ஒருத்தியின் மகளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நாற்காலி. இதை அவள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

போன தை மாதம் சென்னைப் புரமோட்டர் ஒருவர் வந்தார். மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் மூன்று வருஷமாகப் போட்டது போட்டபடி கிடந்த எட்டு ஏக்கர் தனியார் உப்புப் பாத்தியை வாங்கியிருந்தார். பதினாறு மாடி, நூற்றிருபது வீடு. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பு வெள்ளை. "இயற்கையை ஒட்டின கட்டடமா இருக்கணும்" என்று ஒரே வரியில் தன் ஆசையைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எந்த இயற்கை என்று சக்கரபாணி எல்லாரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்துக் கேட்டார். ஜுவைரியா சங்கு என்றாள். இன்னொருத்தன் பூநாரை என்றான். "ஒத்தக் கால்ல நிக்கும். அப்புறம் காரையெல்லாம் எங்க நிறுத்துறது?" என்றார் சக்கரபாணி. மறுநாள் செல்வி சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கைப்பிடி செடியை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள்.

"என்னங்க செல்வி, கீரையா?"

"உமரி சார். அந்தப் பக்கம் இதுதான் இருக்குது. வேற எதுவும் தானா வராது."

அவர் ஒரு துண்டை ஒடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. இலை இல்லை, கணுவுக்கு மேல் கணு, கணுவுக்கு மேல் கணு, விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. மழை பெய்தால் கணுவில் தண்ணீரை வைத்துக்கொண்டு பூரிக்கும், வெயில் ஏற ஏற நுனியிலிருந்து சிவக்கும் என்று செல்வி சொன்னாள். அவர் பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வரைய ஆரம்பித்தார்.

அரை மணி நேரத்தில் கட்டடம் வந்துவிட்டது. இரண்டு மாடிக்கு ஒரு கணு. நடுவில் லேசாகப் பூரித்து, சேருகிற இடத்தில் ஒடுங்கி, அந்த ஒடுக்கத்தில் சுற்றிலும் ஒரு செடிப் பாத்தி. கீழே பச்சை ஓடு, மேலே போகப் போகச் சிவப்பு. கட்டடத்தின் காலடியில் மழைத் தண்ணீர் விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும் தோட்டம். கட்டடத்துக்கு நேர் அடியில் கார் நிறுத்துகிற தளம். "ஒரு சொட்டு வெளியில போகக் கூடாது. எந்தச் செடியாவது டிரெயினேஜ் பைப் போட்டு வச்சிருக்குதா?" என்றார். அவர் சந்தோஷமாக இருந்தால் இப்படிச் சின்னப் பையன் மாதிரிப் பேசுவார்.

இரண்டு வாரம் கழித்து, அறையில் யாரும் இல்லாத நேரத்தில் அவளைக் கூப்பிட்டார்.

"இந்த சைட்டுக்கு நீங்கதான் இன்சார்ஜ், செல்வி. மூணு வருஷ வேலை. படத்தில திட்டப் பொறுப்புன்னு உங்க பேரே வரும். நான் புரமோட்டர்கிட்ட ஒப்புதல் வாங்கிடறேன்."

இருபத்தோரு வருஷத்தில் அவள் வரைந்த கட்டடங்களில் பாதிக்கு மேல் அவள் நேரில் பார்த்ததே இல்லை. இன்ஜினியர்கள் வந்து "இதை எப்படி மேடம் பண்றது" என்று அவளைக் கேட்கப் போகிறார்கள். அதுவும் அவள் அம்மா நின்ற மண்ணில். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்தோணிசாமியிடம் சொன்னாள்.

"உமரி மாதிரி வீடா? ஆடு கீடு வந்து கடிச்சிடப் போவுது" என்றான் அவன். அப்புறம் வேனில் ஏறுகிற பிள்ளைகளின் அம்மாக்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது.

*

தோட்டத்தில் தண்ணீர் இறங்குமா என்று சோதனை பண்ண வேண்டும். சென்னையில் இருந்த மண் ஆலோசகர் நிரப்பித் தர ஒரு ஃபாரம் அனுப்பினார். ஆறு இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மறுபடி ஊற்றி, ஸ்கேலை நட்டு, பத்து நிமிஷத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுத வேண்டும். யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. செல்வி லோக்கல்.

சித்திரை வெயிலில் அவள் போய் ஆறு இடத்தில் சுண்ணாம்புத் தூளால் பெருக்கல் குறி போட்டாள். குழி வெட்ட கொளஞ்சியம்மாளையும் மங்கம்மாவையும் அரசப்பனையும் பிடித்தாள். மூன்று பேரும் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பாத்திகளுக்கு மேற்கே, வாய்க்காலைத் தாண்டி, தாழ்வில் இருக்கும் காலனியில்தான் மூவருக்கும் வீடு. கொளஞ்சியம்மாள் செல்வியின் அம்மாவோடு வேலை செய்தவள். செல்வியைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் என்பதால் மேடம் கீடம் எல்லாம் கிடையாது.

அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் காலை அவள் போனபோது ஆறு குழியும் வெட்டி, தண்ணீர் ஊற்றி, தயாராக இருந்தன. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒவ்வொரு குழியாகக் குந்தி உட்கார்ந்து எழுதினாள். தண்ணீர் கண் முன்னாலேயே இறங்கியது. ஆறாவது குழியில் அடுத்த குடத்துக்காக மங்கம்மா ஓட வேண்டியிருந்தது. ஸ்கேலோடு குழியை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்தாள். ஃபாரத்தை நிரப்பிச் சென்னைக்கு அனுப்பினாள். ஆலோசகர் 'மிகவும் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சக்கரபாணி அந்தத் தாளை எல்லாருக்கும் காட்டினார்.

ஒன்றரை மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து செல்வி பின்பக்கம் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாள் வந்தாள். கட்டடம் எழும்பினால் தன் மருமகளுக்கு அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தாள். கேட்டுவிட்டு, சும்மா இராமல் அவளும் ஒரு கைப்பிடி மீனை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"படிச்சிருக்கியே தவிர உனக்கு ஒண்ணும் தெரியல. பாத்தி நடுவுல மாவு போட்டு வச்சிருந்த. அரசப்பன் சிரிச்சான்."

"என்னாத்துக்கு?"

"பாத்தியில யாராவது கடப்பாரை போடுவாங்களா? தரை கெட்டுப் போச்சுன்னா அப்புறம் எவ நின்னு மிதிக்கிறது? அதான் தள்ளிப் பக்கத்து வரப்புலயே வெட்டிட்டோம். ஆறும் வரப்புலதான். நீதான் கண்ணால பாத்தியே."

செல்வி சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்தது. நெத்திலியின் தலையைக் கிள்ளித் தட்டில் போட்டாள், அடுத்ததைக் கிள்ளினாள், அதற்குள் கை நின்றுவிட்டது.

உப்பளத்தில் ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் பாத்தியின் களிமண் தரையை ஈரத்தோடு காலால் மிதித்து மிதித்துத் தட்டு மாதிரி இறுக்குவார்கள். கடல் தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது, நின்று காய வேண்டும். எழுபது எண்பது வருஷம் மிதித்த தரை அது. சுற்றி நடக்கிற வரப்பு அப்படியில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டி உயர்த்தினது. அதில் தண்ணீர் ஊற்றினால் இறங்கத்தான் செய்யும்.

அவள் கையை நிறுத்தியது இது இல்லை. கொளஞ்சியம்மாள் சொன்னது சரி. அவள் பார்த்தாள். சுண்ணாம்புக் குறி ஓரிடத்திலும் குழி மூன்று எட்டு தள்ளியும் இருந்ததைப் பார்த்தாள். வரப்பின் மேல் குந்தி உட்கார்ந்துதான் ஆறு தடவையும் எழுதினாள். ஒரு தடவை கூடத் தப்பு என்று தோன்றவில்லை. ஏழு வயதில் விளையாட்டுக்குக் குச்சியால் பாத்தியில் ஒரு குழி பறித்து, அதற்காக அம்மா அந்தப் பாத்தி முழுவதையும் மறுபடி மிதிக்க நேர்ந்து, சாயங்காலம் முதுகில் வாங்கின அடி அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சென்னையிலிருந்து எவனாவது கூலிக்கு வந்து வெட்டியிருந்தால் குறி போட்ட இடத்தில் வெட்டியிருப்பான்.

"என்னாடி, பேச்சக் காணோம்?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் ஒரு எட்டு வர்றியா?"

"இப்பவா? மீனு?"

"நாய் தின்னட்டும்."

பாத்திக்கு நடுவில் போய் நின்று, இங்கே வெட்டு என்று கடப்பாரையை நீட்டியபோது கொளஞ்சியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீயே வெட்டிக்க. நான் மாட்டேன்" என்றாள். விற்ற நிலம், இனி உப்பு விளையப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தும் ஆகவில்லை. செல்விதான் வெட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து போன இடுப்பு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டரை அடிக்குக் கீழே களிமண் முடிந்து, பக்கவாட்டிலிருந்து கறுப்பாக உவர்த்தண்ணீர் தானே ஊறி வந்தது. அதை மூடிவிட்டு, பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு இன்னொன்று வெட்டி, தண்ணீர் ஊற்றி ஸ்கேலை நட்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்னால் போய்ப் பார்த்தாள். ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. ஒரு காகம் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது.

*

திங்கட்கிழமையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். சொல்லவில்லை. சக்கரபாணிக்குப் பல் வலி, முகம் சரியில்லை என்று ஒரு காரணம் கிடைத்தது.

வியாழக்கிழமை புரமோட்டருக்குக் காட்டப் போவதைச் செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் கட்டடம் சுழன்று சுழன்று எழுந்தது. கணு கணுவாக, வெயில் பட்டு நுனி சிவந்து, அடியில் மழை பெய்து தோட்டத்துக்குள் மறைந்தது. "இது யாரோட யோசனைன்னு கேட்டா நான் இவங்களைத்தான் காட்டுவேன்" என்று சக்கரபாணி செல்வியைக் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் இழுத்து நிறுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜுவைரியா விசில் அடித்தாள். செல்வி சிரித்தாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

வீட்டில் அந்தோணிசாமி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சொல்லலன்னா என்னா ஆவும்?"

"ஐப்பசியில தோட்டத்துல நிக்கும். கார் நிறுத்துற எடத்துல எறங்கும். நூத்தியிருவது குடும்பம். பத்தாததுக்கு எப்ப உடைச்சிக்கிட்டு மேக்கால போவும்னு சொல்ல முடியாது. மேக்கால காலனி."

"சொன்னா?"

"இன்சார்ஜ் போச்சு. லோக்கலும் போச்சு."

"அப்ப சொல்லிட்டு வா" என்றான், ஏதோ கடைக்குப் போய் உளுந்து வாங்கி வா என்கிற மாதிரி. பிறகு, "எனக்கு என்னா, நான் பாட்டுக்கு எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

புதன்கிழமை காலை சக்கரபாணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நின்றபடியே சொன்னாள். திங்கட்கிழமை காலை எடுத்த, தண்ணீர் இறங்காமல் நின்ற குழியின் போட்டோவைக் காட்டினாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்தது.

"வரப்புலன்னா? ஆறுமா?"

"ஆறும் சார்."

"நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அவங்களுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா தெரியல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த அறையில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. "தோணல சார்" என்றாள்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "களிமண்ண மொத்தமா வெட்டி எடுத்துட்டு மணல் போட்டா?"

"ரெண்டரை அடியில உப்புத் தண்ணி நிக்குது சார். வெயில் காலத்துலயே. மழையில அதுவும் மேல வரும். எறங்க எடம் இல்ல."

கெட்ட மனிதர் இல்லை அவர். அவளுடைய மகள் நர்சிங் சேர்ந்தபோது ஹாஸ்டலுக்கு அலைந்து இடம் வாங்கிக் கொடுத்தவர். இப்போது மெதுவாகக் கேட்டார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"வெட்டினவங்களுக்கு."

"அவங்க யார்கிட்ட போய்ச் சொல்லப்போறாங்க" என்றார். சொன்ன உடனே தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "இல்ல. சொல்லிடலாம். நாளைக்கே சொல்லிடலாம். யாரால ஆச்சுன்னு கேப்பார். கூலி ஆளுங்க எடம் மாத்தி வெட்டிட்டாங்கன்னு…"

"வேணாம் சார். நான் நின்னு எழுதினது. என் பேர்லயே சொல்லுங்க."

*

புரமோட்டர் கோபப்படவே இல்லை. அதுதான் செல்வி எதிர்பார்க்காதது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "இவ்வளவுதானா? தரையை அஞ்சடி ஏத்திடுங்க. செம்மண் அடிச்சிடலாம். தோட்டத்தைச் சுத்தி ஒரு கால்வாய். எங்க விடலாம்? மேக்கால ஏற்கெனவே ஒரு வாய்க்கால் ஓடுதில்ல? கட்டடத்தை மாத்தாதீங்க, அது ரொம்ப நல்லா வந்திருக்கு." போகும்போது, சக்கரபாணியைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னார்.

அது என்ன என்று சாயங்காலம் தெரிந்தது. டெஸ்ட்டில் தப்பு விட்டவர்களை சைட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். இன்சார்ஜாகச் சென்னையிலிருந்து ஒருத்தர் வருவார். சக்கரபாணி இதை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க இங்க இருந்தே வரைஞ்சு குடுங்க. உங்களை விட்டா யாரு?" என்றார். முதல் வேலை, மண் ஏற்றுகிற படம். எவ்வளவு மண், எங்கே சரிவு, தண்ணீர் எப்படிப் போகிறது என்று காட்டுகிற தாள்.

அவள் வரைந்தாள். நல்ல படம்தான் வந்தது. எட்டு ஏக்கரும் ஐந்தடி எழும்பி, நடுவில் உமரி நின்று, விழுகிற தண்ணீரெல்லாம் சின்னச் சின்ன நீல அம்புகளாக மேற்கே நகர்ந்து எல்லைக்கோட்டில் வந்து முடிந்தது. எங்கேயும் படம் எல்லைக்கோட்டில்தான் முடியும். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை. இருபத்தோரு வருஷத்தில் எத்தனை கோட்டை அப்படி நிறுத்தியிருப்பாள் என்று கணக்கே இல்லை. அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது என்று இந்த ஒரு இடத்தில்தான் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமியைக் கூட்டிக்கொண்டு, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பின டியூபையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு காலனிக்குப் போனாள். டியூபின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை அவள். வாய்க்கால் கரையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வாசற்படியாக. நாற்பத்து மூன்று வீடு.

"என்னா செல்வி, வீடு வாங்கப் போறியா?" என்றாள் மங்கம்மா.

"மேன் சர்வே எடுக்குது, பேசாத" என்றான் அந்தோணிசாமி.

கால்வாய் வந்து விழப்போகும் மட்டத்தைவிட முப்பத்தொரு வீட்டின் வாசற்படி தாழ்வாக இருந்தது. கொளஞ்சியம்மாள் வீடு ஒன்றேகால் அடி. இரண்டு நாளில் செல்வி இன்னொரு தாள் வரைந்தாள். நீல அம்பு எல்லைக்கோட்டைத் தாண்டி, வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் நிறைந்து, தெருவுக்குள் போயிற்று. ஒவ்வொரு வீட்டையும் கட்டமாகப் போட்டு, உள்ளே வாசற்படி மட்டத்தை எழுதினாள். மண் ஏற்றுகிற படத்துக்கு அடுத்த எண்ணைக் கொடுத்துப் படக்கட்டோடு சேர்த்தாள்.

சக்கரபாணி அதன் மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம வேலைக்குள்ள வரலீங்களே, செல்வி."

"தண்ணி நம்ம சைட்லேர்ந்துதான் சார் போவுது."

"எனக்குப் புரியுது. ஆனா இதை நாம சேத்து அனுப்ப முடியாது. எடுத்துடுங்க."

"நான் எடுக்க மாட்டேன் சார்."

அந்த அலுவலகத்தில் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோட்டை அழிக்கக்கூட அவர் கற்றுக்கொண்டதில்லை. வெளியே எட்டிப் பார்த்து, "ஜுவைரியா, அந்த நாப்பத்தேழாம் நம்பர் ஷீட்டை எடுத்துடும்மா" என்றார். ஜுவைரியா செல்வியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் முதலியார்சாவடி வரைக்கும் பேச்சில்லை. பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜுவைரியா சொன்னாள்.

"அக்கா, எடுத்துட்டேன்."

"தெரியும்."

"எங்க வாப்பாவுக்கு டயாலிசிஸ் போய்ட்டு இருக்குது. எனக்கு இந்த வேலை வேணும்க்கா."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

ஜுவைரியா சீட்டைத் தூக்கினாள். உள்ளே மழைக்கோட்டுக்கு அடியில் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்ட தாள். "எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காப்பி அடிச்சேன். நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

*

காலனியில் கொளஞ்சியம்மாளின் வீட்டு வாசலில் விளக்கைப் போட்டுத் தாளை விரித்து, நாலு மூலைக்கும் செருப்பை வைத்தார்கள். அரசப்பனும் மங்கம்மாவும் வந்தார்கள். காலனியில் காலேஜுக்குப் போகும் அறிவழகன் மனு எழுதப் பேனாவும் தாளுமாக வந்தான். இந்த மாதக் கடைசியில் பேரூராட்சியில் கட்டடத்துக்கு ஆட்சேபம் கேட்கிறார்கள்.

"இது எது?" என்று ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள் கொளஞ்சியம்மாள்.

"உன் வீடு."

"இவ்ளோண்டா?" அவள் தாளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். "தண்ணி எது வரைக்கும் வரும்?"

செல்வி எழுந்து போய்க் கதவு நிலையில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, கையை வைத்துக் காட்டினாள். அரசப்பன்தான் முதலில் பேசினான்.

"நாம வெட்டினதாலதான் இதெல்லாம்னு சொன்னாங்களா, ஆபீசுல?"

"இல்ல. நான்தான்னு சொல்லிட்டேன்."

"அப்ப சரி" என்றான். பிறகு, "பாத்தி நடுவுலயே வெட்டியிருந்தா?"

"அப்பவே தெரிஞ்சிருக்கும். அப்பவே மண்ணும் அடிச்சிருப்பாங்க."

"எப்புடியும் தண்ணி நமக்குத்தான்" என்றாள் மங்கம்மா.

அறிவழகன் எழுதிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "அக்கா, இந்த மட்டமெல்லாம் யார் அளந்தது, படம் யார் போட்டதுன்னு பேரோட எழுதணும். இல்லன்னா சும்மா எவனோ வரைஞ்சதுன்னு தள்ளிடுவாங்க. என்னா எழுதட்டும்?"

வாசலில் இருந்த எல்லாரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். கொளஞ்சியம்மாள் ஒரு செருப்பை நகர்த்தித் தாளின் மூலையைச் சரிசெய்தாள். அந்தோணிசாமி தெருவில் வேனைத் துடைத்துக்கொண்டு நின்றான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"குடு" என்று செல்வி பேனாவை வாங்கினாள். அ. ஆரோக்கியசெல்வி, டிராஃப்ட்ஸ்மேன் என்று எழுதினாள். அலுவலகத்தின் பெயரை எழுதலாமா என்று யோசித்தாள், எழுதவில்லை. வீட்டு முகவரியை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியையும் போட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போவியா?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"ஏழரை பஸ்ஸுக்குப் போவேன். உள்ள விடுறாங்களான்னு பாக்கணும்" என்றாள் செல்வி. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பு எது தன்னுடையது என்று தாளின் மூலைகளில் தேடினாள்.